யாழினி, ஆதிரை, நன்னாகை: பெங்களூரில் எந்தப் பெயர் தாங்கும்?

எங்கள் மகளுக்கு நன்னாகை என்று பெயர் வைத்து ஒன்றரை வருடம் ஆகிறது. அதற்கு முன் பத்து மாதம் வீட்டில் மூன்று பெயர்கள் சுற்றிக்கொண்டிருந்தன: யாழினி, ஆதிரை, நன்னாகை. அதுவரை அவள் எங்களுக்கு வெறும் பாப்பாதான். இப்போது தெரிந்தவர்கள் யாருக்காவது பெண் பிறந்தால், மற்ற இரண்டையும் ஏன் விட்டீர்கள் என்று கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மூன்றுமே நல்ல பெயர்கள், மூன்றுமே தமிழ்ப் பெயர்கள். ஆனால் நாங்கள் இருப்பது பெங்களூரில், அவளை ஒரு நாளில் கூப்பிடப்போகிறவர்களில் பாதிப் பேருக்குத் தமிழ் தெரியாது. அதைக் கணக்கில் வைத்துத்தான் முடிவெடுத்தோம்.

யாழினி பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. யாழ் எல்லோருக்கும் தெரியும். பேரியாழ், மகரயாழ், சகோடயாழ், செங்கோட்டியாழ் என்று அதில் நான்கு வகை சொல்வார்கள், விபுலானந்த அடிகள் 1947-இல் யாழுக்கென்றே ஒரு பெரிய ஆராய்ச்சி நூல் கொண்டுவந்தார். யாழினி என்று பெண்ணுக்கு வைப்பது நம் காலத்து வழக்கம், சொல்லும்போதே இனிமையாக இருக்கிறது. அதனாலேயே நிறையப் பேர் வைக்கிறார்கள், எங்கள் அடுக்ககத்திலேயே இரண்டு யாழினிகள் ஓடி விளையாடுகிறார்கள். அரிய பெயர் தேடுகிறவர்களுக்கு இது சரிப்படாது, பிடித்த பெயர் தேடுகிறவர்களுக்குக் குறையே இல்லை, ஒன்றைத் தவிர. அதற்குப் பிறகு வருகிறேன்.

ஆதிரை என் மனைவியின் முதல் தேர்வு. மணிமேகலையின் அமுதசுரபியில் முதல் பிச்சை இட்டவள் ஆதிரை. கணவன் சாதுவன் கப்பல் உடைந்து கடலில் போய்விட்டான் என்று கேட்டுத் தீயில் இறங்கியவளைத் தீ சுடவில்லை என்று கதை போகும். எனக்கு அந்தத் தீயைவிட அந்தப் பிச்சைதான் பிடித்தது. ஊர்ப்பசி தீர்க்கும் பாத்திரத்தில் முதல் சோறு போட்ட கை அவளுடையது. அப்புறம் வானத்தில் திருவாதிரை நட்சத்திரம், மார்கழியில் சிதம்பரத்து ஆருத்ரா தரிசனம். பெயருக்குப் பின்னால் இவ்வளவு இருந்தால் யாருக்குத்தான் ஆசை வராது?

நன்னாகையைக் கொண்டுவந்தது நான். குறுந்தொகையில் கச்சிப்பேட்டு நன்னாகையார் என்று ஒரு பெண் புலவர் இருக்கிறார். கச்சி என்றால் காஞ்சிபுரம், என் மனைவியின் ஊரும் அதுதான். குறுந்தொகை 172-ஆம் பாட்டில் மாலை நேரத்தில் வௌவால்கள் பழமரம் தேடிப் பறக்கின்றன, பிரிந்து போனவனை நினைத்து ஒருத்தி பேசுகிறாள்: ஏழு ஊருக்கும் பொதுவாக ஒரே ஊரில் வைத்த கொல்லன் உலையின் துருத்தி ஓய்வில்லாமல் ஊதிக்கொண்டே இருப்பதுபோல, தன் நெஞ்சு எல்லை தெரியாமல் வருந்துகிறது என்கிறாள். குழந்தை பிறந்த முதல் மாதங்களில், இரவு மூன்று மணிக்கு அவளைத் தோளில் போட்டு நடந்துகொண்டே இதைப் படித்தேன். ஏழு ஊருக்கு ஒரு துருத்தி என்று யோசிக்க முடிந்த ஒரு பெண்ணின் பெயர் ஏன் நம் வீடுகளில் இல்லை என்று தோன்றியது. அவ்வளவுதான், எனக்கு அன்றே முடிவாகிவிட்டது. வீட்டாருக்கு முடிவாக இன்னும் மாதங்கள் ஆயின.

பொருள் கேட்டால்: நல் என்பதோடு நாகை. சங்கப் புலவர்களில் நன்னாகனார், இளநாகனார் என்று ஆண் பெயர்கள் உண்டு, நாகனுக்குப் பெண்பால் நாகை. நாகம் என்றால் பாம்பு மட்டுமில்லை, குறிஞ்சிப்பாட்டின் பூக்கள் வரிசையில் நாகமும் ஒரு பூ. நாகு என்றால் இளமை. இவற்றில் எதை எடுத்தாலும் எனக்குச் சம்மதம்தான்.

மாமியார் கேட்டதும் சொன்னது இதுதான்: “என்ன மாப்பிள்ளை, நாகப்பட்டினத்தைச் சொல்ற மாதிரி இருக்கே.” நியாயமான பேச்சு, நாகை என்றால் இன்று எல்லோருக்கும் அந்த ஊர்தான். ஊரில் ஒரு பெரியப்பா பாம்புப் பெயர் பெண் குழந்தைக்கு எதற்கு என்று தயங்கினார். பெங்களூரில் அந்தத் தயக்கத்துக்கு இடமே இல்லை. இங்கே நாகரத்னா, நாகவேணி, நாகம்மா என்று தெருவுக்கு ஒருவர் இருக்கிறார்கள், நாகர பஞ்சமியும், நாக வழிபாட்டுக்குப் பெயர்போன குக்கே சுப்ரமண்யா கோயிலும் உள்ள மாநிலம் இது. எதிர்வீட்டுக் கன்னடப் பாட்டி பெயரைக் கேட்டதும் முதலில் பிடித்துக்கொண்டது ‘நாக’ என்ற பகுதியைத்தான்.

சரி, இனி எங்கள் முடிவைத் தீர்மானித்த விஷயம். ஒரு பெயரை ஒரு தடவை வைத்துவிடுகிறோம், அதற்கப்புறம் வாழ்நாள் முழுக்க யாராவது அதைத் தப்பாகச் சொல்வார்கள், தப்பாக எழுதுவார்கள், நாம் திருத்திக்கொண்டே இருப்போம். திருத்தாமல் இருக்க முடியாது. ஆனால் திருத்தினால் நிற்கிறதா, இல்லை மறுநாளே பழையபடி ஆகிறதா என்பதுதான் கேள்வி. நாங்கள் மூன்று பெயரையும் சும்மா சொல்லிப் பார்த்தோம், மருந்துக்கடையில், பால் வாங்கும் இடத்தில், பார்சல் வாங்கும்போது.

யாழினி யாளினி ஆகிவிடுகிறது, அல்லது ஆங்கில எழுத்தைப் பார்த்துப் படித்தால் யாஜினி. கன்னடத்துக்காரர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பழைய கன்னடத்தில் ழ இருந்தது, பிறகு வழக்கொழிந்து போனது. வாயில் இல்லாத ஒலியை எத்தனை தடவை திருத்தினாலும் அது நிற்காது. என் நண்பர் மகளுக்கு ஓர் அட்டையில் கன்னட எழுத்தில் யாஜினி என்றே அச்சாகி வந்தது, திருத்தி வாங்க நாலு நடை நடந்தார்.

ஆதிரைக்கு ஒலிச் சிக்கல் இல்லை, ஆனால் பக்கத்திலேயே ஆதிரா இருக்கிறாள். கேரளத்தில் பரவலான பெயர், பெங்களூரில் மலையாளிகள் நிறைய. ஆதிரை என்று சொன்னால் பத்தில் எட்டுப் பேர் ஆதிரா என்றே எழுதிக்கொண்டார்கள், அது தப்பு என்றே அவர்களுக்குத் தோன்றவில்லை. போதாததற்குக் கன்னடத்தில் ‘ஆதரெ’ என்றால் ‘ஆனால்’. ஆங்கிலத்தில் ஒரு ஏ-யா இரண்டு ஏ-யா, டி-யா (d), டிஎச்-சா (dh), இல்லை தமிழ்நாட்டு வழக்குப்படி டீயும் எச்சுமா (th) என்று வீட்டிலேயே நாலு விதமாக எழுதினோம்.

நன்னாகையும் கன்னடத்தில் மோதத்தான் செய்கிறது, அதை மறைக்க மாட்டேன். ‘நனகெ’ என்றால் எனக்கு, ‘நன்ன கை’ என்றால் என் கை, ‘நன்ன ஹாகெ’ என்றால் என்னைப் போல. முதல் தடவை கேட்கிறவர்கள் இந்த மூன்றில் ஒன்றாகக் கேட்டுவிட்டு விழிக்கிறார்கள். ஆனால் இரண்டாம் தடவை சரியாகச் சொல்லிவிடுகிறார்கள், மூன்றாம் தடவை மறப்பதே இல்லை. நகர்ந்து போய் ஒட்டிக்கொள்ளப் பக்கத்தில் வேறு பெயர் கிடையாது, அதனால் அது தன் இடத்திலேயே நிற்கிறது. ஓரளவு அரிய பெயர்தான் சறுக்கிப் போய்ப் பக்கத்துப் பெயரோடு சேர்ந்துவிடுகிறது. முழுக்க அரிய பெயருக்கு அந்தத் தொல்லை குறைவு. இது நாங்கள் எதிர்பார்க்காதது. ஒலிகளும் எல்லாமே கன்னடத்தில் உள்ளவைதான். எதிர்வீட்டுப் பாட்டி அவளை நகு என்று சுருக்கிக் கூப்பிடுகிறார். கன்னடத்தில் நகு என்றால் சிரிப்பு, நம் பழைய தமிழிலும் நகுதல் சிரிப்பதுதான். அந்தக் குரல் கேட்டால் இவளும் சிரித்துக்கொண்டே கதவுக்கு ஓடுகிறாள்.

குறை இல்லாமல் இல்லை. பெயரை மட்டும் கேட்டால் பையனா பெண்ணா என்று தெரிவதில்லை, ஒவ்வொரு தடவையும் கேட்கிறார்கள். அவளுக்கு இப்போதுதான் இரண்டரை வயது, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் ‘நன்ன கை’ என்று கையை நீட்டிக் கேலி செய்வார்களா என்பது போகப் போகத்தான் தெரியும். டெல்லியிலோ மும்பையிலோ இருப்பவர்களுக்கு என் கணக்கு அப்படியே பொருந்தும் என்றும் சொல்ல மாட்டேன், அங்கே மராத்தியும் இந்தியும் வேறு விதமாக மோதலாம், சொல்லிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

நேரத்துக்குப் பயப்படாதீர்கள். பிறப்பைப் பெயர் இல்லாமல் பதிவு செய்துவிட்டு, 12 மாதத்துக்குள் கட்டணம் இல்லாமல் பெயரைச் சேர்க்கலாம், அதன் பிறகும் 15 வருடம் வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்க வழி உண்டு. அவசரப்பட்டுச் சேர்த்துவிட்டு எழுத்தை மாற்ற அலைவதைவிட இது மேல். 2023 அக்டோபர் 1-க்குப் பிறகு பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை முதல் பாஸ்போர்ட் வரை பிறப்புச் சான்றிதழே பிறந்த தேதிக்கு ஆதாரம் என்று ஆகிவிட்டதால், அதில் ஏறும் எழுத்துதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. நாங்கள் பதினோராம் மாதம் போய்ச் சேர்த்தோம். ஆங்கிலத்தில் கே போடுவதா ஜி போடுவதா என்று வரிசையில் நிற்கும்போதுகூடப் பேசிக்கொண்டிருந்தோம். கே போட்டால் கன்னடத்தில் ‘நன்ன கை’ என்றே படிப்பார்கள் என்பதால் ஜி போட்டோம். கன்னடத்தில் எப்படி எழுத வேண்டும் என்று பாட்டி ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தார், அதை அப்படியே மேஜையில் வைத்தோம். சான்றிதழில் இரண்டு மொழியிலும் பிழை இல்லாமல் வந்தது.