சுவோனில் ஒரு தெருமுனை டேக்வாண்டோ தோஜாங்: பெரியவர்கள் சேரலாமா?

கொரியாவுக்குப் படிக்கவோ வேலைக்கோ வரும் நம் ஆட்கள் அடிக்கடி கேட்கிறார்கள்: இங்கே இருக்கும்போதே டேக்வாண்டோ கற்றுக்கொள்ளலாமா, பெரியவர்களைச் சேர்ப்பார்களா, கொடுக்கிற காசுக்குத் தகுமா? சியோலுக்குத் தெற்கே உள்ள சுவோன் நகரில், பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் உள்ள ஒரு தோஜாங்கில், அதாவது டேக்வாண்டோ பயிற்சிக்கூடத்தில், மாணவனாகச் சேர்ந்து இன்றும் போய்க்கொண்டிருக்கிறேன், அந்த அனுபவத்தில் சொல்கிறேன், சேருங்கள். கறுப்பு பெல்ட்டை மனதில் வைத்துச் சேர வேண்டாம், காலை ஒழுங்காகத் தூக்கி ஒழுங்காக இறக்கக் கற்றுக்கொள்ளச் சேருங்கள். அதை இவ்வளவு பொறுமையாகச் சொல்லிக்கொடுக்கிற இடத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. குறைகளையும் எழுதப்போவதால் தோஜாங்கின் பெயரைப் போடவில்லை. போட்டாலும் பெரிய பயன் இல்லை, நான் எட்டிப் பார்த்த மற்ற தோஜாங்குகளும் ஏறத்தாழ இதே அமைப்புதான்.

கடைகள் நிறைந்த கட்டடத்தில் மூன்றாவது மாடி, கீழே மருந்துக்கடை, நடுவில் ஒரு கணக்கு டியூஷன். கதவைத் திறந்ததும் செருப்பு அடுக்கு. உள்ளே முழுக்க மேட் விரித்திருக்கும், ஒரு சுவர் பூராவும் கண்ணாடி, எதிர்ச் சுவரில் கொரியக் கொடி. ஜனவரியில் வெளியே மைனஸ் பத்து வரை போகும்போதும் வெறுங்காலோடுதான் நிற்க வேண்டும், முதல் கொஞ்ச நேரம் விரல்கள் விறைத்துப்போகும். அப்புறம் பழகிவிடும்.

முதலில் புரிந்துகொள்ள வேண்டியது, இந்தத் தொழில் குழந்தைகளை நம்பி நடக்கிறது. பள்ளி விட்டதும் மஞ்சள் வேன் வாசலில் நிற்கும், குழந்தைகளை ஏற்றிக்கொண்டு வந்து, ஸ்கிப்பிங் கயிறு, பந்து விளையாட்டு, கொஞ்சம் உதை, கொஞ்சம் ஒழுக்கம் என்று ஒரு மணி நேரம் வைத்திருந்து வீட்டில் கொண்டுபோய் விடுவார்கள். அப்பா அம்மா இருவரும் வேலைக்குப் போகிற வீடுகளுக்கு இது பெரிய நிம்மதி. 2018-ல் சட்டத்திலேயே டேக்வாண்டோவை நாட்டின் தேசிய விளையாட்டு என்று எழுதிவைத்த நாடு இது, ஆனால் தெருவில் அது முதலில் ஒரு குழந்தைப் பராமரிப்பு ஏற்பாடு. பெரியவர்கள் வகுப்பு எல்லா இடத்திலும் இருக்காது. இருந்தாலும் ராத்திரி எட்டு, ஒன்பது மணிக்கு மேல்தான். எங்கள் பயிற்சியாளர், சாபொம்நிம் என்று கூப்பிடுவோம், மதியத்திலிருந்து வேன் ஓட்டி, பெற்றோருக்கு போன் பேசி, நாலைந்து வகுப்பு எடுத்த பிறகுதான் எங்களிடம் வருகிறார். சில நாள் அவர் குரல் கம்மிப்போயிருக்கும். அப்படி இருந்தும் ஒரு நாள்கூட எங்களை ஏனோதானோ என்று விட்டதில்லை, இதை நான் நன்றியோடு எழுதுகிறேன்.

வகுப்பு ஒரு மணி நேரம். வரிசையில் நின்று கொடிக்கு மரியாதை, தலைமை ஆசிரியருக்கு, அதாவது குவான்ஜாங்நிம்முக்கு, வணக்கம், அப்புறம் உடம்பைச் சூடாக்குவது, பிறகு உதை, பூம்சே, வாரத்தில் ஒரு நாள் சண்டைப் பயிற்சி. மொழி தெரியாதே என்று தயங்க வேண்டாம். சாரியோத் என்றால் நேராக நில், க்யோங்நே என்றால் குனிந்து வணங்கு, ஜூன்பி என்றால் தயாராகு, ஷிஜாக் என்றால் ஆரம்பி. ஹானா, துல், செத், நெத் என்று பத்து வரை எண்ணத் தெரிந்துவிட்டால் பாதி வகுப்பை ஓட்டிவிடலாம். உலகத்தில் எந்தத் தோஜாங்குக்குப் போனாலும் இதே கட்டளைகள்தான், சென்னையில் கற்றவர்களுக்குக்கூட இவை பழக்கமாகவே இருக்கும். மற்றதெல்லாம் சாபொம்நிம் கையால் காட்டுவார், இல்லாவிட்டால் பக்கத்தில் நிற்கிற பள்ளி மாணவன் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் விளக்குவான்.

இனி உதை விஷயம், நான் இந்த விமர்சனத்தை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான். தொல்யோ சாகி என்று ஒரு உதை, நம்மூரில் ரவுண்ட்ஹவுஸ் கிக் என்பார்கள். வெளியிலிருந்து பார்த்தால் காலை வீசி அடிப்பது போலத்தான் தெரியும். இங்கே அதை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துச் சொல்லித்தருகிறார்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். ஒன்று, முட்டியை மடக்கி நேராக மேலே தூக்கு. இரண்டு, ஊன்றியிருக்கிற காலின் முன்பாதத்தில் சுழன்று குதிகாலை எதிராளி பக்கம் திருப்பு, இடுப்பும் கூடவே திரும்பட்டும். மூன்று, மடங்கிய காலை நீட்டிப் பாதத்தின் மேல்பக்கத்தால் அடி. நான்கு, அடித்த காலை மறுபடி மடக்கு, அப்புறம்தான் கீழே வை. இந்த நான்காவது படியைத்தான் எல்லோரும் விழுங்கிவிடுகிறார்கள். அடித்த கால் தொப்பென்று தரையில் விழுந்தால் அடுத்த உதைக்கு உடம்பு தயாராக இல்லை என்று அர்த்தம், எதிராளி அந்த இடைவெளியில் உள்ளே வந்துவிடுவான்.

சாபொம்நிம் என்ன செய்வார் என்றால், நான் உதைக்கும்போது கீழே மண்டியிட்டு உட்கார்ந்து என் ஊன்றுகாலின் குதிகாலை இரண்டு விரலால் தொட்டுப் பார்ப்பார். குதிகால் தரையை விட்டு லேசாக எழும்பித் திரும்பியிருந்தால் ஒன்றும் பேச மாட்டார். திரும்பவில்லை என்றால் விரலால் தள்ளித் திருப்பிவிட்டு மறுபடி என்பார். எதற்கு இவ்வளவு பிடிவாதம் என்றால், மேட் பாதத்தைக் கவ்விப் பிடிக்கும். பாதம் அப்படியே நின்று இடுப்பு மட்டும் சுழன்றால் அந்த முறுக்கெல்லாம் முட்டி மூட்டில் போய் இறங்கும். முப்பது வயதுக்கு மேல் சேர்கிறவர்கள் முட்டி வலி என்று பாதியில் நிறுத்துவதற்கு இது ஒரு முக்கியமான காரணம். வீடியோ பார்த்து உதை பழகியவர்களிடம் நான் கவனிப்பதும் இதே தப்புதான், மேலே கால் அழகாகப் போகும், கீழே குதிகால் அசையாமல் நிற்கும்.

இது கொஞ்சம் சரியான பிறகு மிட்டைப் பிடிப்பார்கள், துடுப்பு வடிவில் இரண்டு மடலாக இருக்கும் திண்டு. சரியாகப் பட்டால் பட்டாசு மாதிரி சத்தம் வரும், தப்பாகப் பட்டால் மந்தமாகத் தட்டும். காதே சொல்லிவிடும். கூடவே கத்த வேண்டும், கிஹாப் என்கிறார்கள். நம் ஆட்களுக்கு முதலில் கூச்சமாக இருக்கும், ஆனால் உதைக்கிற நொடியில் மூச்சை வெளியே விடாமல் பிடித்துவைத்தால் சீக்கிரமே களைத்துப்போவீர்கள், கத்துவது மூச்சை விடவைக்கிறது.

பூம்சே என்பது வரிசையாகச் செய்கிற அசைவுத் தொகுப்பு. கறுப்பு பெல்ட்டுக்கு முன் தேகுக் என்று எட்டு. தேகுக் முதலாவதில் வெறும் நடக்கிற நிலை, முன்காலை மடக்கி நிற்கிற நிலை, கீழ்த் தடுப்பு, நடுக் குத்து, இப்படிச் சுலபமானவைதான். இடதுபக்கம் திரும்பிக் கீழே தடு, ஒரு எட்டு வைத்துக் குத்து, திரும்பி மறுபக்கம் அதேபோல். பலருக்கு இது சலிப்பாக இருக்கிறது, உதைக்க வந்தவனை நடக்கவிடுகிறார்களே என்று நினைக்கிறார்கள். எனக்கு இதுதான் வகுப்பில் மிகப் பிடித்த பகுதி. கண்ணாடி முன்னால் செய்யும்போது தடுக்கிற கை எங்கே நிற்கிறது, இழுத்த கை இடுப்பில் இருக்கிறதா, எடை எந்தக் காலில் விழுகிறது, எல்லாம் தெரிகிறது. சண்டையின் பரபரப்பில் இது எதுவும் கண்ணில் படாது.

சண்டைப் பயிற்சியைப் பற்றி அதிகம் எழுத இல்லை. ஒலிம்பிக் விதிதான். உடம்புக் கவசத்தில் குத்தினால் 1 புள்ளி, உதைத்தால் 2, தலையில் உதைத்தால் 3, சுழன்று திரும்பி உடம்பில் உதைத்தால் 4, அதே தலையில் என்றால் 5. முகத்தில் குத்தக் கூடாது. பாக்ஸிங் பழகி வருகிறவர்கள் கையை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் திணறுவார்கள். பெரியவர்கள் வகுப்பில் லேசாகத்தான் தொடுவோம், தலைக்கு வேகமாக யாரும் உதைப்பதில்லை. குறை என்றால் கவசங்கள். எல்லோரும் மாற்றி மாற்றிப் போடுகிற தலைக்கவசத்தில் குழந்தைகளின் வியர்வையும் எங்கள் வியர்வையும் ஊறிக் கிடக்கிறது, துடைத்து உலர்த்துகிற பழக்கம் எங்கள் தோஜாங்கில் போதாது. பல்கவசமும் இடுப்புக் கவசமும் கட்டாயம் சொந்தமாக வாங்குங்கள், முடிந்தால் தலைக்கவசமும்.

இன்னொரு குறை சற்றுப் பெரியது. காலை அகட்டி உட்காரவைத்து, பின்னால் ஒருவர் நின்று முதுகை அழுத்துகிற வழக்கம் இன்னும் இருக்கிறது. எட்டு வயதுக் குழந்தை தாங்குவதை, நாள் முழுக்க ஆய்வகத்தில் உட்கார்ந்துவிட்டு வருகிற பெரியவரின் தொடைப் பின்தசை தாங்காது. என்னோடு சேர்ந்த ஒருவர் இதனால் தசை இழுத்துக்கொண்டு, திரும்பி வரவே இல்லை. நல்ல மாணவரை அப்படி இழந்தது எனக்கு இன்னும் வருத்தம். உங்களை அழுத்த வந்தால் தயங்காமல் அப்பாயோ என்று சொல்லுங்கள், வலிக்கிறது என்று அர்த்தம், உடனே கையை எடுத்துவிடுவார்கள். கெட்ட எண்ணம் கிடையாது, அவர்கள் கற்ற விதம் அப்படி.

காசு விஷயம். மாதம் ஒன்றரை லட்சம் வோனை ஒட்டி வருகிறது, நம் பணத்தில் ஒன்பதாயிரம் ரூபாய் சுமாருக்கு. மூன்று மாதம் சேர்த்துக் கட்டியதால் உடுப்பு, அதாவது தோபோக், சும்மா கொடுத்தார்கள். உதவித்தொகையில் காலம் தள்ளுகிறவர்களுக்கு இது சின்னத் தொகை இல்லை, ஆனால் வாரம் ஐந்து நாள் போகலாம் என்பதால் ஒழுங்காகப் போகிறவருக்கு நஷ்டம் கிடையாது. வாரம் ஒரு நாள்தான் முடியும் என்றால் பல்கலைக்கழகத்தில் டேக்வாண்டோ மன்றம் இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள்.

எரிச்சல் வருவது டான், அதாவது கறுப்பு பெல்ட் தரத்துக்கான தேர்வின் கட்டணத்தில். சான்றிதழ் கொடுப்பது சியோலில் உள்ள டேக்வாண்டோ தலைமையகமான குக்கிவோன், தேர்வு நடத்துவது உள்ளூர்ச் சங்கம், உங்களை அனுப்புவது தோஜாங். கட்டுகிற தொகையில் குக்கிவோனுக்குப் போவது ஒரு பகுதிதான், மீதி நடுவில் உள்ளவர்களுக்கு. எது எதற்கு எவ்வளவு என்று எங்களுக்கு விவரம் தந்ததே இல்லை. சேரும்போதே மொத்தத் தொகை எவ்வளவு என்று கேட்டுவிடுங்கள். இன்னொன்று, இங்கே ஒரு வருடத்தை ஒட்டியே முதல் டானுக்கு அனுப்பிவிடுகிறார்கள். இந்தியாவில் வருடக்கணக்காக உழைத்து வாங்கியவர்களுக்கு இது கோபத்தைக்கூட வரவழைக்கும். கொரியர்கள் கண்ணில் முதல் டான் என்பது அரிச்சுவடி முடிந்தது என்பதற்கு மேல் ஒன்றுமில்லை. பதினைந்து வயதுக்குக் கீழ் இருந்தால் அதையே பூம் என்று கொடுக்கிறார்கள், தெருவில் பாதிக் குழந்தைகள் சிவப்பும் கறுப்புமான அந்தப் பெல்ட்டைக் கட்டியிருக்கும். இரண்டாம் டானுக்கு முதல் டான் முடிந்து ஒரு வருடம், மூன்றாவதுக்கு அதன்மேல் இரண்டு வருடம் என்று குறைந்தபட்சக் காத்திருப்பு உண்டு. கஷ்டமான பகுதி அங்கேதான் தொடங்குகிறது.

வகுப்பில் இரண்டாயிரம் வருடப் பழமை என்று சொல்வார்கள். மரியாதையாகக் கேட்டுக்கொள்ளுங்கள், ஆனால் இப்போது நாம் கற்கிற வடிவம் 1940-களில் ஆரம்பித்த பயிற்சிக்கூடங்களிலிருந்து வந்தது, அவற்றை நடத்தியவர்களில் பலர் ஜப்பானில் கராத்தே கற்றவர்கள். டேக்வாண்டோ என்ற பெயரே 1955-ல்தான் வைக்கப்பட்டது. இதைச் சொல்வதால் கலையின் மதிப்பு குறைந்துவிடுவதாக நான் நினைக்கவில்லை. ஒரு நாடு போருக்குப் பிறகு எழுந்து நிற்கும்போது உருவாக்கி, 2000-ல் சிட்னி ஒலிம்பிக்கில் பதக்க விளையாட்டாகவே கொண்டுபோய் நிறுத்திய கலை இது, அதுவே எனக்குப் பெருமையான கதையாகப் படுகிறது.

ஊரில் ஐடிஎஃப், அதாவது சர்வதேச டேக்வாண்டோ கூட்டமைப்பின், பாணி கற்றவர்கள் கவனிக்கவும். அந்த அமைப்பு 1966-ல் சியோலில்தான் பிறந்தது, ஆனால் அதன் தலைவர் சோய் ஹோங் ஹி 1972-ல் கனடாவுக்குப் போய்விட்டார், தென்கொரியாவில் இன்று தெருவுக்குத் தெரு இருப்பது குக்கிவோன் பாணி. உங்கள் சோன்ஜி முதலான அசைவு வரிசைகளை இங்கே யாரும் செய்ய மாட்டார்கள், வெள்ளை பெல்ட்டிலிருந்து தொடங்கச் சொன்னால் மறுக்காமல் தொடங்குங்கள், அடிப்படை உதவும், பூம்சே மட்டும் புதிதாகக் கற்க வேண்டும்.

நேரம் கிடைத்தால் சியோலில் கங்னம் நிலையத்திலிருந்து மேட்டில் ஏறிக் குக்கிவோனை ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள். 1972-ல் கட்டியது, ஓட்டுக் கூரை போட்ட பழைய கட்டடம், சுற்றிலும் உள்ள உயரமான அலுவலகங்களுக்கு நடுவில் சின்னதாகத் தெரியும். 1973-ல் முதல் உலக சாம்பியன்ஷிப் அங்கேதான் நடந்தது.

சேர்வதற்கு முன் ஒரு நாள் வந்து பார்க்கலாமா என்று கேளுங்கள், பெரும்பாலும் சரி என்பார்கள், பார்க்கும்போது பயிற்சியாளர் மாணவர்களின் உதைக்கிற காலைக் கவனிக்கிறாரா ஊன்றுகாலைக் கவனிக்கிறாரா என்று பாருங்கள். பெண்கள் உடை மாற்றும் அறையையும் பார்த்துவிடுங்கள், எங்கள் இடத்தில் அது ஒரு அலமாரி அளவுதான். டான் தேர்வுக்கு விண்ணப்பிக்கும்போது பெயர் எழுத்துகளை நீங்களே உட்கார்ந்து சரிபாருங்கள். குடும்பப் பெயர், சொந்தப் பெயர் என்று இரண்டு கட்டங்கள் கேட்கும், நம் முதலெழுத்து முறை அவர்களுக்குப் புரியாது, அப்பா பெயர் ஒரு பக்கம் போய் உங்கள் பெயர் பாதியில் வெட்டுப்பட்டுப் பதிவாகிவிடும். கடவுச்சீட்டில் எப்படி இருக்கிறதோ அதே மாதிரி எழுதிக் கையில் கொடுத்துவிடுங்கள், சான்றிதழ் அச்சான பிறகு மாற்றுவது வீண் அலைச்சல்.