புகை பிடித்த மரச்சாமான்களை பாலிஷுக்குக் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

ராயபுரத்தில் எங்கள் வீட்டுப் பூஜை அறையில் ஆடி வெள்ளியன்று குத்துவிளக்கு சரிந்து, திரைச்சீலையும் பழைய பத்திரிகைக் கட்டும் எரிந்தன. நெருப்பை உடனே அணைத்துவிட்டோம். புகைதான் வீடெங்கும் பரவியது. பாட்டியின் பர்மா தேக்கு பீரோ உள்ளும் புறமும் கரி அப்பிப்போனது.

மூன்றாம் நாளே ஒருவர் வந்தார். யாரோ தகவல் சொன்னார்களாம். ஐந்து நாளில் புதிதாக்கித் தருவதாகச் சொல்லி, 22,000 ரூபாய் பேசி, 15,000 முன்பணம் வாங்கினார். வியாசர்பாடியில் பட்டறை என்றார். நான் போய்ப் பார்க்கவில்லை. ஐந்து நாள் ஐந்து வாரமானது. பளபளவென்று வந்த பீரோவைக் கண்டதும் மகிழ்ந்து மீதியையும் கொடுத்துவிட்டேன்.

ஐப்பசி மழை பிடித்தது. மடித்து வைத்த வேட்டிகளில் புகை நாற்றம். இழுப்பறையை முழுவதுமாக உருவி, பின்பலகையில் விரலை வைத்தேன், விரல் கறுத்தது. உள்ளே அவர் கையே வைக்கவில்லை! வெளிப்புறத்தில் மட்டும் லப்பம் தேய்த்து, அடர்ந்த சாயம் பூசி, வார்னிஷ் அடித்திருக்கிறார். பித்தளைக் கீல்கள் இருந்த இடத்தில் பித்தளை வண்ணம் பூசிய இரும்புக் கீல்கள். அதைப் பார்த்தபோதுதான் அழுதேன்.

பெரம்பூரிலிருந்து வந்த வயதான ஆசாரி முதலில் கேட்டது, "ஈரத்துணியால் துடைத்தார்களாம்மா?" என்றுதான். ஆமாம், முன்பணம் வாங்கியவருடைய ஆள் எங்கள் கண் முன்னே சோப்புத் தண்ணீரால் துடைத்தார். அதுதான் முதல் தவறாம். கரித்தூளை ஈரம் மரத்தின் ரேகைக்குள் இறக்கிவிடும். முதலில் வேக்குவம் கிளீனரால் அழுத்தாமல் உறிஞ்சி, பிறகு உலர்ந்த ரப்பர் ஸ்பாஞ்சால் ஒரே திசையில் ஒற்றி எடுக்க வேண்டும். எஞ்சிய பிசுக்குக்குத்தான் டர்பென்டைன். இழுப்பறை, பின்பலகை, மூலை எல்லாம் இப்படிச் சுத்தமான பிறகே அரக்கு (ஷெல்லாக்) பூசி மிச்ச வாடையை அடைக்கலாம். கரியின் மேலேயே பூசினால் வாடை உள்ளேயே கிடந்து, ஈரக்காற்றில் வெளியே வரும். கடலோரத்தில் இருக்கும் நமக்கு ஈரக்காற்றுக்கா பஞ்சம்?

இன்னொன்றும் சொன்னார். மறைவான மூலையில் ஸ்பிரிட் தொட்ட பஞ்சை வைத்தால் பழைய பாலிஷ் பிசுபிசுவென்று இளகுகிறதா என்று பாருங்கள். இளகினால் அது பெரும்பாலும் அரக்கு பாலிஷ். உப்புத்தாள் போட்டு மரத்தைத் தேய்க்கத் தேவையே இல்லை. சுத்தம் செய்து அதன் மேலேயே மறுபடி பூசலாம். எங்கள் பீரோவில் இருந்ததும் அதுதான். அதைத்தான் அந்த மனிதர் முழுக்கச் சுரண்டி எடுத்திருக்கிறார்.

பட்டறையைப் பார்க்காமல் சாமானை வண்டியில் ஏற்றாதீர்கள். கீல், பூட்டு, கைப்பிடி ஒவ்வொன்றையும் படம் எடுத்து வையுங்கள். திரும்பி வந்ததும் இழுப்பறைகளை உருவிப் பார்த்துவிட்டு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.

அந்த மனிதரைத் தொலைபேசியில் பிடித்தேன். "கீல் துருப்பிடித்திருந்தது, மாற்றினேன்" என்றார். பித்தளை எங்கே துருப்பிடிக்கும்? அதன் பிறகு அவர் என் அழைப்பை எடுக்கவில்லை. பீரோ இப்போது பெரம்பூர் ஆசாரியிடம் இருக்கிறது. தை மாதம் தருவதாகச் சொல்லியிருக்கிறார். பாட்டியின் கீல்கள் போனவை போனவைதான்.