சுழல் மின்னோட்டக் கணிப்பு: ஏ-வி முறையா, டி-ஒமேகா முறையா?

மாறும் காந்தப்புலம் உலோகத்துக்குள் தூண்டும் சுழல் மின்னோட்டத்தைக் கணினியில் கணிக்க முனைவோர் முதலில் போட வேண்டிய கணக்கு ஊடுருவல் ஆழம், அதாவது அந்த மின்னோட்டம் மேற்பரப்பிலிருந்து எவ்வளவு ஆழம் வரை வலுவாக ஓடுகிறது என்பது. செம்பில் 50 ஹெர்ட்ஸுக்கு அது சுமார் 9 மிமீ. 1 மெகாஹெர்ட்ஸுக்கு வெறும் 0.066 மிமீ. கணிப்புக்காக இடத்தைச் சிறு கூறுகளாலான வலையாகப் பிரிக்கிறோம்; அந்த ஆழத்துக்குள் இரண்டு மூன்று அடுக்குக் கூறுகளாவது அமையாவிட்டால் எந்த முறையிலும் விடை தேறாது. முறைகளுக்கு இடையிலான போட்டி அதற்குப் பிறகுதான்.

போட்டிக்கு நல்ல களம், மின்காந்தக் கணிப்பு முறைகளை ஒப்பிட உதவும் டீம் (TEAM) சோதனைக் கணக்குகளில் 7-வது. 294 மிமீ சதுர அலுமினியத் தகடு, தடிமன் 19 மிமீ. அதில் மையம் விலகி 108 மிமீ சதுரத் துளை. மேலே 2,742 ஆம்பியர்-சுற்றுகள் கொண்ட கம்பிச்சுருள். அதிர்வெண் 50, 200 ஹெர்ட்ஸ். ஊடுருவல் ஆழம் முறையே 12, 6 மிமீ. தகடு எளியது. துளைதான் முறைகளின் குணத்தை வெளியே கொண்டுவருகிறது.

டி-ஒமேகா முறை சிக்கனமானது. பொட்டென்ஷியல் என்பது புலத்தை வருவிக்க உதவும் துணை அளவு. கடத்திக்குள் மின்னோட்ட வெக்டர் பொட்டென்ஷியல் (டி). காற்றில் வலையின் முனைக்கு ஒரே மாறி, காந்த ஸ்கேலர் பொட்டென்ஷியல் (ஒமேகா). காந்த வெக்டர் பொட்டென்ஷியலும் (ஏ) மின் ஸ்கேலர் பொட்டென்ஷியலும் (வி) கொண்ட ஏ-வி முறையோ காற்றிலும் விளிம்புக்கு ஒரு மாறி கேட்கிறது. நான்முகி வலையில் விளிம்புகள் முனைகளைப்போல் ஆறேழு மடங்கு இருக்கும். பெரும்பகுதி காற்றாகவே உள்ள கணக்கில் இது பெரிய சுமை.

ஆனால் துளையைச் சுற்றி மின்னோட்டம் வளையமாக ஓடுகிறது. அந்த வளையத்தைத் தழுவிக் காந்தப்புலத்தைத் தொகையிட்டால், ஆம்பியர் விதிப்படி அதே மின்னோட்டம் கிடைக்க வேண்டும். ஒற்றை மதிப்புள்ள ஸ்கேலர் பொட்டென்ஷியல் சுழியத்தையே தரும். அதனால் துளையின் குறுக்கே ஒரு வெட்டுப்பரப்பு வைத்து அங்கே மதிப்பைத் தாவவிட வேண்டும். துளையை மிகக் குறைந்த கடத்துதிறனால் நிரப்பும் குறுக்குவழியும் உண்டு; அது தீர்க்க வேண்டிய சமன்பாடுகளின் அணியைத் (matrix) தீர்க்கக் கடினமானதாக்குவதால் எனக்கு அதில் விருப்பமில்லை. பல துளைகள் பின்னிக் கிடக்கும் வடிவங்களில் வெட்டுப்பரப்பைக் கண்டறிவதே தனி வேலை.

ஏ-வி முறைக்குத் துளை ஒரு பொருட்டே அல்ல. அதன் சிக்கல், காற்றில் ஒரே புலத்துக்குப் பல பொட்டென்ஷியல்கள் பொருந்துவதால் அணி ஒருமையாகிவிடுவது, அதாவது அதற்கு ஒரே விடை இல்லாமல் போவது. ஆயினும் 1980-இல் நெடெலெக் வகுத்த விளிம்புக் கூறுகளோடு, மூல மின்னோட்டத்தை வலையிலும் விரிவற்றதாக (எங்கும் தோன்றாமலும் மறையாமலும் ஓடுவதாக) அமைத்தால், விடையைப் படிப்படியாகத் திருத்தும் மறுசெய்கைத் தீர்வி நன்றாகவே குவிகிறது. பொட்டென்ஷியலை ஒன்றே ஒன்றாக்கக் கூடுதல் கட்டுப்பாடு திணிப்பது பெரும்பாலும் வேகத்தைக் குறைக்கிறது. தொடங்குவோருக்கு இம்முறையையே பரிந்துரைப்பேன்.

கடத்தியின் பகுதிகள் ஒன்றன்மேல் ஒன்று செலுத்தும் தாக்கத்தை நேரடியாகக் கூட்டும் தொகையீட்டு முறை மூன்றாவது போட்டியாளர். காற்றுக்கு வலையே வேண்டாம். நகரும் பாகங்களுக்கும் மெல்லிய சுவர்களுக்கும் அருமையானது. விலை, முழுதும் நிரம்பிய அணி: 1,00,000 கலப்பெண் மாறிகளுக்கு 160 ஜிகாபைட் நினைவகம். சுருக்கும் உத்திகள் இல்லாமல் பெரிய கணக்கைத் தொட முடியாது.

வசதி இருந்தால் முதலிரண்டையும் ஒரே வலையில் ஓட்டுவதே எனக்கு மிகவும் பிடித்த வழி. ஏ-வி முறை ஃபாரடே விதியைச் சரியாகக் காத்து ஆம்பியர் விதியைத் தோராயமாக்குகிறது. டி-ஒமேகா முறையில் இது தலைகீழ். இரண்டும் தரும் வெப்ப இழப்பு விலகினால், வலை போதவில்லை என்று பொருள். எந்தக் கூறில் விலகல் மிகுகிறதோ அங்கேதான் அதை நுணுக்க வேண்டும்.