ஒரு குழுவுக்கு ஒரு சாமியா, ஒரு வழக்கா?

பலகையில் ‘ஸியூஸ்’ என்று எழுதிவிட்டுத் திரும்புவதற்குள் பின்வரிசையில் ஒருவன் “ஜூஸ்” என்று வாசித்துவிட்டான். அதன் பிறகு கிரேக்கத் தேவர்களின் அரசன் எங்கள் வகுப்பில் கடைசி வரைக்கும் ஜூஸ்தான். மலேசியாவில், பத்தாங் பெர்ஜுந்தையில் கோயில் மண்டபத்தில் சனிக்கிழமை காலையில் நடக்கும் வகுப்பு இது. ஊருக்கு இப்போது பெஸ்தாரி ஜெயா என்று பெயர். எங்கள் வாயில் இன்னும் பழைய பெயர்தான். இருபத்து நான்கு பிள்ளைகள், இடைநிலைப்பள்ளியின் முதல் இரண்டு வகுப்புகளான படிவம் ஒன்றும் இரண்டும் கலந்து.

படிவம் ஒன்று வரலாற்றில் கிரேக்க, ரோமானிய நாகரிகம் வருகிறது. நகர அரசு, மக்களாட்சி, ஒலிம்பிக் என்று பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்கள். ஒலிம்பியாவில் ஓடியதே ஸியூஸுக்கு எடுத்த விழாவில்தான் என்பதைச் சொல்லாமல் ஒலிம்பிக்கை மட்டும் சொன்னால், தைப்பூசத்தைச் சொல்லிவிட்டு முருகனை விட்டுவிட்ட மாதிரி இருக்கிறது. அதனால் ஆண்டுக்கு நான்கைந்து சனிக்கிழமைகளைக் கிரேக்கப் புராணத்துக்கு ஒதுக்குகிறேன். மூன்று ஆண்டும் குழுப் படைப்புதான், மூன்று விதமாக. எது தேறியது, எது சொதப்பியது என்று கணக்குப் பார்க்க உட்கார்ந்தேன்.

முதல் ஆண்டு எல்லாரும் செய்வதையே செய்தேன். ஒலிம்பஸ் மலையில் பன்னிரண்டு தேவர்கள், நம்மிடம் ஆறு குழு, குழுவுக்கு இரண்டு சாமி. சீட்டுக் குலுக்கி எடுத்தார்கள். கேன்வா செயலியில் படமும் எழுத்துமாகத் தயாரித்துக்கொண்டு வந்து, புரொஜெக்டரில் காட்டிப் பேச வேண்டும்.

பார்க்க நன்றாகத்தான் இருந்தது. தங்க எழுத்து, மின்னல் வெட்டு, பின்னணியில் இசை. ஆனால் பேச்சு? “பெயர் பொசைடன். ஆயுதம் திரிசூலம். சகோதரர்கள் ஸியூஸ், ஹேடிஸ். சக்தி நிலநடுக்கம். நன்றி.” கால்பந்து அட்டையைப் படிப்பது போலப் படித்துக் கைதட்டு வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். மூன்றாவது குழு வருவதற்குள் பின்வரிசையில் மைலோ பொட்டலம் பிரிந்துவிட்டது.

பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். நான் வெட்டிய இடம் தப்பு. கிரேக்கப் புராணத்தில் எந்தத் தேவருக்கும் தனிக்கதை என்று பெரிதாக எதுவும் கிடையாது. கதை இருப்பதெல்லாம் இருவருக்கு நடுவில்தான். க்ரோனஸ் தன் பிள்ளைகளை ஒவ்வொன்றாக விழுங்கியது, தாய் ரியா ஒரு கல்லைத் துணியில் சுற்றிக் கொடுத்து ஸியூஸைக் காப்பாற்றியது, பிறகு வானம், கடல், பாதாளம் மூன்றையும் அண்ணன் தம்பிகள் சீட்டுப் போட்டுப் பிரித்துக்கொண்டது. இதை யார் சொல்வது? ஸியூஸ் குழு, ஹேடிஸைப் பற்றிப் பேசுபவர்கள் சொல்வார்கள் என்று விட்டுவிட்டது. ஹேடிஸைப் பற்றிப் பேச ஆளே இல்லை. பாதாளத்தில் குடியிருப்பவர் என்பதால் அவரைப் பன்னிருவரில் பெரும்பாலும் சேர்ப்பதில்லை. ஆக, சீட்டுப் போட்டுச் சாமியைப் பிரித்துக்கொண்ட வகுப்பில், சாமிகளே சீட்டுப் போட்ட கதையை ஒருவரும் சொல்லவில்லை.

இன்னொரு சிக்கல். அஃப்ரோடைட்டி கடல் நுரையில் பிறந்தாள் என்று ஒரு குழு. இல்லை, ஸியூஸுக்கும் டயோனிக்கும் மகள் என்று இன்னொரு குழு. “யாரோடது தப்பு டீச்சர்?” என்று இரண்டு பக்கமும் என்னைப் பார்த்தது. பழைய கிரேக்கக் கவிஞர்களில் முதலாவது ஹெசியட் சொன்னது, இரண்டாவது ஹோமர் சொன்னது, இரண்டுமே சரி. ஆனால் அட்டை மாதிரி தகவலை அடுக்கிய பிறகு, ‘இரண்டுமே சரி’ என்பது ஆசிரியர் மழுப்புவது போலத்தான் காதில் விழும். போதாததற்கு ஒரு குழு ரோமானியப் பெயர்களோடு வந்து சேர்ந்தது. ஸியூஸ் வேறு, ஜுபிட்டர் வேறு என்று பாதி வகுப்பு நினைத்துக்கொண்டது.

இந்த முறையில் நல்லதே இல்லையா என்றால், உண்டு. கூட்டத்தைக் கண்டாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும் பிள்ளை, திரையைப் பார்த்து நான்கு வரி வாசித்து மேடைப் பயத்தைத் தாண்டுகிறது. கையில் ஒரே ஒரு பாடவேளைதான் என்றால் இதுவே போதும். ஆனால் எல்லா வீட்டிலும் கணினி இல்லை. அம்மாவின் கைப்பேசியில், இரவு அவர் வேலை முடித்து வந்த பிறகு செய்த படைப்பும், அண்ணன் உட்கார்ந்து செய்து கொடுத்த படைப்பும் ஒரே திரையில் வரும்போது நாம் மதிப்பெண் போடுவது பிள்ளைக்கா வீட்டுக்கா என்று எனக்குச் சந்தேகம்.

இரண்டாம் ஆண்டு கணினியை ஓரங்கட்டினேன். மாஜோங் தாள் என்கிற பெரிய வெள்ளைத் தாள், மார்க்கர் பேனா, சுவரில் ஒட்ட புளூ டேக், அவ்வளவுதான் செலவு. சாமிக்குப் பதில் கதை. பண்டோரா, இகாரஸ், தீசியஸ், மைடாஸ், பெர்செஃபொனி, ஒற்றைக்கண் அரக்கன் குகையில் ஒடிசியஸ். ஆறு கதையையும் ஆளுக்கொரு பக்கமாக நானே தமிழில் எழுதிக் கொடுத்தேன். படம் வரைந்து, சுவரில் ஒட்டி, பள்ளியில் எல்லா ஆசிரியரும் செய்கிற ‘மூவர் நகர ஒருவர் இருக்க’ முறை. குழுவில் ஒருவர் தன் தாளுக்குப் பக்கத்தில் நின்று வருகிறவர்களுக்குச் சொல்ல வேண்டும். மற்ற மூவரும் ஊர் சுற்ற வேண்டும்.

ஒடிசியஸ் தாளுக்குப் பக்கத்தில் நின்ற பெண் முதல் சுற்றில் பேசியது எனக்கே கேட்கவில்லை. இரண்டாம் சுற்றில் கை அசைந்தது. ஒடிசியஸ் அரக்கனிடம் தன் பெயர் ‘யாருமில்லை’ என்று சொல்லி ஏமாற்றுகிற கட்டம் தமிழில் அப்படியே பொருந்தும். கண் போன அரக்கன் அலறுகிறான், பக்கத்துக் குகைக்காரர்கள் “உன்னை யாருடா குத்துனது?” என்று கேட்கிறார்கள், “யாருமில்லை!” என்கிறான், அவர்கள் தூங்கப் போய்விடுகிறார்கள். ஐந்தாம் சுற்றில் அந்தப் பெண் அரக்கன் குரலில் கத்தியதைக் கேட்டு அர்ச்சகர் எட்டிப் பார்த்தார். அதே நேரம் இகாரஸ் தாளுக்குப் பக்கத்தில் நின்ற பையனுக்கு ஐந்தாம் சுற்றில் கதை இவ்வளவுதான் மிஞ்சியது: “பறந்தான், மெழுகு உருகிடுச்சு, விழுந்தான். அடுத்த தாளுக்குப் போ.”

ஐந்து தடவை சொல்வதால் ஒரு பிள்ளை கதைசொல்லியாகிறது என்பதைக் கண்ணால் பார்த்தேன். ஆனால் நின்று சொல்பவருக்கு மற்ற ஐந்து கதைகளும் கிடைப்பதில்லை. அடுத்த வாரம் பெர்செஃபொனியைப் பற்றிக் கேட்டபோது அந்த ‘யாருமில்லை’ பெண் என்னைத் திருதிருவென்று பார்த்தது. இன்னொன்று, கேட்டவர்கள் யாரும் திருப்பி ஒரு கேள்வி கேட்கவில்லை. ஹெசியட் பாட்டில் பண்டோரா திறப்பது பெரிய ஜாடி. பெட்டி என்பது 16ஆம் நூற்றாண்டில் எராஸ்மஸ் என்ற அறிஞர் லத்தீனில் எழுதியபோது மாறியது. ஜாடி என்றுதான் நான் எழுதிக் கொடுத்திருந்தேன். பிள்ளைகள் பெட்டி வரைந்தார்கள். ஐந்து குழு அந்தத் தாளைக் கடந்து போனது. ஜாடி எப்படிப் பெட்டியானது என்று ஒரு வாய் கேட்கவில்லை.

மூன்றாம் ஆண்டு வழக்காடு மன்றம். திருவிழா மேடையில் பார்த்த வடிவம் என்பதால் விளக்கவே தேவைப்படவில்லை. மூன்று வழக்கு, ஒவ்வொன்றுக்கும் இரண்டு குழு எதிரெதிரே, மூன்றாவது ஒரு குழு நீதிபதிகள். முக்கிய விதி: சொல்வது எல்லாம் நான் கொடுத்த கதைத்தாளில் இருக்க வேண்டும். இல்லாததைச் சொன்னால் எதிர்த்தரப்பு மேசையைத் தட்டி “ஆதாரம்?” என்று கேட்கலாம். நெருப்பைத் திருடிய புரோமிதியஸ் வழக்கில், “கட்சிக்காரர் முதல் நாளே ஸியூஸுக்கு வாட்சப் அனுப்பி அனுமதி கேட்டார்” என்று ஒருவன் எடுத்துவிட, மேசை உடைகிற மாதிரி தட்டினார்கள்.

அறிவுத் தேவி ஆதீனாவுக்கும் கடல் தேவன் பொசைடனுக்கும் நடந்த வழக்கைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். ஆதென்ஸ் நகரம் யாருக்கு என்ற போட்டி. பொசைடன் பாறையில் சூலத்தால் குத்தி உப்புநீர் ஊற்று வரவழைக்கிறார். ஆதீனா ஒலிவ மரம் நடுகிறாள். நகரம் ஆதீனாவுக்குப் போகிறது. ஆதீனா தரப்பு எழுந்தவுடன், “உப்புத் தண்ணி எதுக்கு? கோலசிலாங்கூருக்குப் போனா வேணுங்கிற மட்டும் இருக்கே!” என்றது. மண்டபமே சிரித்தது. எண்ணெய் தரும் மரம் என்றால் எங்கள் பிள்ளைகளுக்கு விளக்கம் வேண்டாம். மலேசியாவில் வணிக முறையில் முதன்முதலில் செம்பனை நட்டது 1917இல், இதோ பக்கத்தில் இருக்கும் தென்னமரம் தோட்டத்தில். ஆதீனா ஜெயித்த மாதிரிதான் என்று நானும் நினைத்தேன்.

அப்போது பொசைடன் தரப்பில் ஒரு பையன் எழுந்தான். அப்பா குலை வெட்டுபவர். “மரத்தைக் குடுத்தாங்க, சரி. அது கூடவே வேலையையும் குடுத்தாங்களே. நட்டவங்க பேரு ஊருக்கு வெச்சாச்சு. காய் பறிச்சவன் பேரு எங்க இருக்கு?” ஆதாரம் கேட்டு யாரும் மேசையைத் தட்டவில்லை. தட்டியிருக்கலாம், கதைத்தாளில் அது இல்லைதான். நீதிபதிகள் ஆதீனாவுக்கே தீர்ப்புச் சொன்னார்கள். ஆனால் அந்தக் கேள்வியைத் தீர்ப்பில் குறிப்பிட்டுவிட்டுச் சொன்னார்கள். பதின்மூன்று வயதில்!

டிமீட்டர், ஹேடிஸ் வழக்குக்குப் பிள்ளைகளை அழைத்துப் போக வந்த அம்மாக்களும் ஒரு பாட்டியும் உட்கார்ந்துவிட்டார்கள். ஹேடிஸ் தூக்கிப்போன மகள் பெர்செஃபொனி பாதாளத்தில் இருக்கும் காலத்தில், தாயான பயிர்த் தேவி டிமீட்டர் துக்கத்தில் பூமியைக் காயப்போடுகிறாள் என்பது கதை. முதல் ஆண்டில் இதற்குப் பனி விழும் படம் போட்டார்கள். பனியைக் கண்ணால் பார்த்த பிள்ளை வகுப்பில் ஒன்றுகூட இல்லை, படம் படமாகவே போய்விட்டது. இந்தத் தடவை பாட்டி குறுக்கே பேசினார். ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். “மாசி பங்குனியில எல கொட்டும்மா. பாலு பாதிக்குப் பாதி கொறஞ்சிடும். எந்த அம்மா அழுதாளோ.” நான் மூன்று ஆண்டாக விளக்க முடியாததை இலை கொட்டுகிற பால்மரக்காடு விளக்கிவிட்டது.

முதல் ஆண்டில் தலைவலியாக இருந்த ‘இரண்டுமே சரி’ இங்கே தானாகவே கரைந்தது. டிமீட்டரைப் பாடும் பழைய கிரேக்கப் பாடலில் மகள் ஆண்டில் மூன்றில் ஒரு பங்குதான் கீழே இருக்கிறாள். ரோமானியக் கவிஞர் ஓவிட் சரிபாதி என்கிறார். டிமீட்டர் தரப்பு முதலாவதைப் பிடித்துக்கொண்டது, ஹேடிஸ் தரப்பு இரண்டாவதை. வழக்கு என்று வந்துவிட்டால் இரண்டு மூலம் இருப்பது குழப்பமில்லை, ஆயுதம்.

சும்மா சொல்லக்கூடாது, நொந்ததும் இந்த முறையில்தான் அதிகம். இரண்டு சனிக்கிழமை என்று போட்டது நான்கு இழுத்தது. ஆறு கதை, பன்னிரண்டு தேவர் என்றெல்லாம் இல்லை. மூன்றே மூன்று வழக்கு. இகாரஸ் யாரென்று அந்த ஆண்டுப் பிள்ளைகளுக்கு இன்றைக்கும் தெரியாது. வாயுள்ள பிள்ளை பிழைத்துக்கொண்டது, மற்றவர்கள் குறிப்பு எடுத்துக் கொடுத்தார்கள். தோற்ற தரப்பில் ஒரு பெண் அழுதுவிட்டு அடுத்த வாரம் வரவேயில்லை. வீட்டுக்குப் போய்ப் பேசித்தான் அழைத்து வந்தேன். சாட்சிகளை எதிர்த்தரப்பு குறுக்கு விசாரணை செய்யலாம் என்று நான் சேர்த்த விதி இனி கிடையாது.

எந்த முறையானாலும் நம் சாமிகளோடு ஒப்பிடுவது வரும். தடுக்க முடியாது, தடுக்கவும் வேண்டாம். “ஹேடிஸ்தான் கிரேக்க எமன்” என்று மூன்று ஆண்டும் யாராவது சொன்னார்கள். வழக்காடு மன்றத்தில் மட்டும்தான் அது சோதனைக்கு வந்தது. எமன் பாசக்கயிற்றோடு வருவார், கணக்குப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வார். ஹேடிஸ் யாரையும் தேடி வந்து உயிரை எடுப்பதில்லை. ஆத்மாக்களை அழைத்துப் போவது ஹெர்மீஸ், அங்கே விசாரிப்பது மைனோஸ் முதலிய மூன்று நீதிபதிகள். ஹேடிஸ் அந்த நாட்டுக்கு ராஜா, அவ்வளவுதான். “அப்போ அவர் மேனேஜரா டீச்சர்?” என்றான் ஒருவன். தோட்டத்துப் பிள்ளைக்கு இதைவிடத் தெளிவாக நான் சொல்லியிருக்க முடியாது.

ஒரு தாய் மட்டும் கடைசி வரை ஒத்துக்கொள்ளவில்லை. “தேவாரமே ஒழுங்கா வரல. கோயில்ல உட்கார்ந்து வேற சாமி கதை எதுக்கு டீச்சர்?” சங்கப் பாட்டில் பொன்னோடு வந்து முசிறியில் மிளகு வாங்கிப் போன யவனர் இந்தக் கிரேக்கர்கள்தான், பிள்ளையின் மலாய்ப் புத்தகத்தில் கிரேக்கத்துக்கு இருக்கும் யுனானி என்ற பெயரும் நம்முடைய யவனரும் அயோனியா என்ற ஒரே பெயரிலிருந்து வந்தவை என்றேன். “அது சரி, மிளகு வித்தோம். சாமியையுமா வாங்கினோம்?” என்றார். பதில் இல்லை என்னிடம். தேவாரத்துக்கு அரை மணி நேரம் கூடுதலாகப் போட்டுவிட்டேன்.

இந்த ஆண்டு முதல் சனிக்கிழமை க்ரோனஸ் கதையையும் சீட்டுப் போட்ட கதையையும் நானே சொல்லிவிடப் போகிறேன். அதைக் குழுவுக்குக் கொடுத்தால் மறுபடியும் காணாமல் போகும். இரண்டாம் வாரம் மாஜோங் தாள், சுற்றுக்குச் சுற்று ஆள் மாறி நிற்க வேண்டும். பிறகு இரண்டே வழக்கு. கேன்வா வேண்டுமானால் சம்மன் அச்சடிக்க மட்டும். ஆதீனாவை நெசவில் மிஞ்சியதாகச் சொன்ன அரக்னியைச் சிலந்தியாக்கிய வழக்கை எடுத்திருக்கிறோம். அரக்னிக்கு வாதாட ஒன்பது பேர் கை தூக்கிவிட்டார்கள். ஆதீனாவுக்கு இதுவரை ஒருவரும் இல்லை.