எடுத்தவரும் தோற்றார், விட்டவரும் தோற்றார்

அக்டோபர் மாதத்தில் பேஸ்பால் ரசிகர்கள் இருவர் சேர்ந்தால், பேச்சு எங்கே தொடங்கினாலும் இரண்டு மேலாளர்களிடம் வந்து நின்றுவிடும். கிரேடி லிட்டில், எடுக்க வேண்டிய பிட்சரை (பந்து எறிபவரை) ஆட்டத்திலிருந்து எடுக்காமல் விட்டவர். கெவின் கேஷ், விட வேண்டிய பிட்சரை எடுத்தவர். இருவருடைய அணிகளும் தோற்றன. யாருடைய தவறு பெரியது என்ற வழக்குக்கு இன்னும் தீர்ப்பு வரவில்லை. புதிய தலைமுறை ரசிகர்கள் பெரும்பாலும் கேஷைத்தான் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

கிரிக்கெட்டில் பழகிய கண்ணுக்கு இந்தச் சண்டையின் சூடு உடனே புரியாது. அங்கே களைத்த பந்துவீச்சாளரை எல்லைக்கோட்டுக்கு அனுப்பிவிட்டு, பத்து ஓவர் கழித்து மறுபடி பந்தைக் கையில் கொடுக்கலாம். பேஸ்பாலில் ஆட்டத்தை விட்டு வெளியே போனவர் போனவர்தான், அன்றைக்குத் திரும்ப முடியாது. மேலாளர், பிட்சர் நின்று எறியும் மேட்டுக்கு நடந்து வந்து பந்தை வாங்கிக்கொண்டால் அந்தக் கதவு சாத்தியாயிற்று. வாங்காமல் திரும்பிப் போவதும் ஒரு முடிவுதான்.

2003 அக்டோபர் 16, யாங்கீ ஸ்டேடியம். இறுதிப் பட்டப் போட்டியான உலகத் தொடருக்குப் போவது யார் என்று தீர்மானிக்கும் அமெரிக்கன் லீக் சாம்பியன்ஷிப் தொடரின் ஏழாவது ஆட்டம். 1918-க்குப் பிறகு உலகத் தொடரை வெல்லாத பாஸ்டன் ரெட் சாக்ஸ் (லிட்டிலின் அணி), பரம எதிரியான நியூயார்க் யாங்கீஸின் வீட்டிலேயே 5-2 என்று முன்னிலையில் இருக்கிறது. ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ், இன்னிங்ஸுக்கு மூன்று அவுட்; வெற்றிக்கு இன்னும் ஆறு அவுட் போதும். ஏழு இன்னிங்ஸில் சரியாக 100 பந்துகள் எறிந்திருந்த பெட்ரோ மார்ட்டினெஸ், ஏழாவதின் கடைசி ஆட்டக்காரரை வீழ்த்திவிட்டு வானத்தை நோக்கி விரலைக் காட்டியபடி இறங்கினார். சக வீரர்கள் கட்டித் தழுவிக்கொண்டார்கள். பார்த்தவர்கள் எல்லோரும் அவருடைய வேலை முடிந்தது என்றே நினைத்தார்கள்.

எட்டாவது இன்னிங்ஸில் அவரே மறுபடி மேடேறி வந்தார். முதல் ஆள் அவுட். அடுத்து வந்த ஜீட்டர் டபுள் (இரண்டாவது பேஸ் வரை போக வைக்கும் அடி) அடித்தார், பெர்னி வில்லியம்ஸ் சிங்கிள் (முதல் பேஸ் வரை) அடித்தார், 5-3. லிட்டில் மேட்டுக்கு வந்தார். அடுத்த ஆட்டக்காரர் மட்சுயி இடது கைக்காரர். அவரைச் சமாளிக்கவென்றே இடது கைப் பிட்சர் ஆலன் எம்ப்ரீ, மாற்றுப் பிட்சர்கள் காத்திருக்கும் புல்பென்னில் தயாராக இருந்தார். லிட்டில் பெட்ரோவிடம் ஏதோ கேட்டார், பதிலைக் கேட்டுக்கொண்டார், பந்தை வாங்காமலே திரும்பிப் போனார். மட்சுயி டபுள். அப்போதும் அசையவில்லை. போசாடா அடித்த பந்து பலமில்லாமல் எழும்பி நடுக்களத்தில் ஆளில்லாத இடமாகப் பார்த்து விழுந்தது. 5-5. பெட்ரோ 123 பந்துகள் எறிந்த பிறகுதான் எம்ப்ரீ வந்தார். அவரும் இன்னொரு மாற்றுப் பிட்சரான டிம்லினும் மேற்கொண்டு ரன் போகாமல் அந்த இன்னிங்ஸை முடித்து வைத்தார்கள். பதினொன்றாவது இன்னிங்ஸின் முதல் பந்திலேயே யாங்கீஸின் ஆரன் பூன் அடித்த ஹோம் ரன்னில் தொடர் முடிந்தது.

இனி 2020 அக்டோபர் 27. பெருந்தொற்று ஆண்டு என்பதால் உலகத் தொடர் முழுவதும் டெக்சஸ் மாநிலத்தின் ஆர்லிங்டனில் நடந்தது. லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸுக்கு எதிரான ஆறாவது ஆட்டத்தில் கேஷின் டம்பா பே ரேஸ் 1-0 என்று முன்னால் நிற்கிறது. தோற்றால் தொடர் போய்விடும். ரேஸ் பிட்சர் பிளேக் ஸ்னெல் அன்றைக்கு யாரும் அடிக்க முடியாத அளவுக்கு எறிந்துகொண்டிருந்தார்: 73 பந்துகள், ஒன்பது ஸ்ட்ரைக் அவுட் (பந்தைக் களத்துக்குள் அடிக்க விடாமலே வீழ்த்துவது), ஒரு வாக் (தவறான பந்துகளால் இனாமாகப் போகும் முதல் பேஸ்) கூட இல்லை. ஆறாவது இன்னிங்ஸில் ஒருவர் அவுட்டான பிறகு ஆஸ்டின் பார்ன்ஸ் ஒரு சிங்கிள் அடித்தார். ஸ்னெல் விட்டுக்கொடுத்த இரண்டாவது ஹிட், அவ்வளவுதான். கேஷ் படியேறி வந்தார்.

அடுத்து வரவிருந்தவர்கள் பெட்ஸ், சீகர், டர்னர். அன்று அந்த மூவரும் ஸ்னெல்லை ஆளுக்கு இரண்டு முறை எதிர்கொண்டு ஆறு முறையும் ஸ்ட்ரைக் அவுட் ஆகியிருந்தார்கள். கேஷ் பார்த்தது வேறு கணக்கு. ஒரே பிட்சரை மூன்றாவது சுற்றில் சந்திக்கும்போது அடிப்பவர்களின் கை ஓங்கும் என்பது நெடுங்காலப் புள்ளிவிவரம் சொல்வது. அந்தப் பருவத்தில் ஸ்னெல் ஒரு ஆட்டத்தில்கூட முழுதாக ஆறு இன்னிங்ஸ் எறிந்திருக்கவில்லை. அதனால் நிக் ஆண்டர்சன் உள்ளே வந்தார். பெட்ஸ் டபுள் அடித்தார். தவறிப்போன ஒரு பந்தில் ஒரு ரன், அடுத்து தரையில் உருண்ட பந்தில் இன்னொன்று. டாட்ஜர்ஸ் 2-1. ஆட்டம் 3-1 என்று முடிந்தது. டாட்ஜர்ஸுக்கு 1988-க்குப் பிறகு கிடைத்த முதல் பட்டம் அது. ஸ்னெல் வெளியே போனதில் தனக்கு மகிழ்ச்சிதான் என்பதை ஆட்டம் முடிந்ததும் பெட்ஸ் மறைக்கவில்லை. ரேஸ் ரசிகர்களின் வயிற்றெரிச்சலுக்கு அது ஒன்றே போதும்.

பொதுவாக இந்த ஒப்பீட்டை "மனதை நம்பியவர் எதிர் கணினியை நம்பியவர்" என்று சுருக்கிவிடுவார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அதை வைத்து எதையும் அளக்க முடியாது. நான் கேட்பது வேறு கேள்வி: புல்பென் கதவைத் திறந்தால் யார் வருவார்? பிட்சரை எடுப்பதா விடுவதா என்று பேசுகிறவர்கள் மேட்டில் நிற்கிறவரை மட்டும்தான் பார்க்கிறார்கள், வரப்போகிறவரை மறந்துவிடுகிறார்கள்.

அந்தக் கோலால் அளந்தால் லிட்டிலுக்குச் சாக்குப்போக்கு மிஞ்சாது. எம்ப்ரீயும் டிம்லினும் அந்த அக்டோபரில் யாராலும் தொட முடியாதவர்களாக இருந்தார்கள். பெட்ரோ 105 பந்துகளைத் தாண்டினால் வலு குறைந்துவிடுவார் என்பது அணி அலுவலகத்துக்குத் தெரியும், பாஸ்டன் தெருக்களுக்கும் தெரியும். யாங்கீஸ் ஆட்டக்காரர்கள் அவரை மூன்றாவது முறை அல்ல, நான்காவது முறையாகச் சந்தித்துக்கொண்டிருந்தார்கள். எல்லாவற்றையும் விட, லிட்டிலுக்கு ஒரே ஒரு தருணம் அல்ல, நான்கு தருணங்கள் கிடைத்தன: இன்னிங்ஸ் தொடங்கும் முன், ஜீட்டருக்குப் பின், வில்லியம்ஸுக்குப் பின், மட்சுயிக்குப் பின். நான்கு முறையும் அதே பதில்.

கேஷின் குற்றம் வேறு மாதிரி. ஆண்டர்சன் அந்தப் பருவத்தில் மிகச் சிறந்த மாற்றுப் பிட்சர்களில் ஒருவர், சந்தேகமில்லை. ஆனால் பருவத்தின் இறுதியில் பட்டத்துக்காக நடக்கும் பிளேஆஃப் வந்ததும் தேய்ந்துபோயிருந்தார். இந்த ஆட்டத்துக்கு முன் எறிந்த ஆறு ஆட்டங்களிலும் தொடர்ந்து ரன் கொடுத்திருந்தார். கணக்கைப் பார்த்து முடிவெடுத்தார் என்று கேஷைத் திட்டுகிறார்கள். என்னைக் கேட்டால் அவர் கணக்கைப் பாதிதான் பார்த்தார். ஸ்னெல்லின் மூன்றாவது சுற்றை எண்ணியவர், ஆண்டர்சனின் கடைசி மூன்று வாரங்களை எண்ணவில்லை.

கேஷைத் திட்டுகிறவர்கள் பத்து நாள் பின்னோக்கிப் போக மறுக்கிறார்கள். அக்டோபர் 17 அன்று அமெரிக்கன் லீக் தொடரின் ஏழாவது ஆட்டத்தில், இரண்டே ஹிட் கொடுத்து, ரன் எதுவும் கொடுக்காமல் எறிந்துகொண்டிருந்த சார்லி மார்ட்டனை 66 பந்துகளில் எடுத்தவரும் இதே கேஷ்தான். உள்ளே வந்தவரும் இதே ஆண்டர்சன்தான். பேஸில் இருவர் காத்திருக்க, ஒரே ஆட்டக்காரரை அவுட்டாக்கி அந்தக் கண்டத்தைக் கடத்தினார். ரேஸ் 4-2 என்று ஹூஸ்டனை வென்று உலகத் தொடருக்குப் போனது. அன்றைக்குத் துணிச்சல் என்று புகழப்பட்டதற்குத்தான் பத்து நாளில் பிடிவாதம் என்று பெயர் மாறியது.

எதிர்த்திசையிலும் ஒரு சான்று உண்டு. 1991, மறுபடியும் அக்டோபர் 27, உலகத் தொடரின் ஏழாவது ஆட்டம், மினியாபொலிஸ். ஒன்பது இன்னிங்ஸ் முடிந்தும் 0-0. டுவின்ஸ் மேலாளர் டாம் கெல்லி ஜாக் மோரிஸை ஓய்வெடுக்கச் சொல்ல, மோரிஸ் மறுத்துப் பத்தாவதையும் எறிந்தார். மொத்தம் 126 பந்துகள், பெட்ரோவை விட மூன்று அதிகம். டுவின்ஸ் 1-0 என்று வென்றது. நல்ல மாற்று ஆள் இருக்கும்போதே, களைத்த பிட்சரின் சொல்லைக் கேட்டு விட்டுக்கொடுத்ததற்காக கெல்லியை யாரும் குறை சொன்னதில்லை. பத்தாவதில் ஒரு பந்து போசாடாவின் பந்தைப் போல எங்காவது மெல்ல விழுந்திருந்தால், லிட்டிலின் பெயருக்கு முன்னால் கெல்லியின் பெயர் நின்றிருக்கும்.

ஆகவே என் கணக்கில் லிட்டிலின் தவறு பெரியது, கேஷின் தவறு அதிகம் உறுத்துவது. பெட்ரோ அடி வாங்கி வெளியேறினார். அதில் குறைந்தபட்சம் ஒரு முடிவு தெரிந்தது. பெட்ஸை மூன்றாவது முறை எதிர்கொண்டால் ஸ்னெல் என்ன செய்திருப்பார் என்பது யாருக்கும் தெரியாது. விடை தெரியாத கேள்விக்குத்தான் ஆயுள் அதிகம்.

தண்டனையிலும் நீதி இல்லை. இரண்டு பருவங்களில் 93, 95 வெற்றிகள் பெற்றுத் தந்த லிட்டிலின் ஒப்பந்தத்தை ரெட் சாக்ஸ் அந்த மாதமே புதுப்பிக்க மறுத்தது. கேஷ் 2020-ஆம் ஆண்டின் சிறந்த அமெரிக்கன் லீக் மேலாளர் விருதை வாங்கினார், அடுத்த ஆண்டும் வாங்கினார். ஸ்னெல்லைத்தான் 2020 டிசம்பரிலேயே சான் டியாகோவுக்குக் கைமாற்றிவிட்டார்கள்.

லிட்டிலின் முடிவால் அன்று அதிகம் லாபம் அடைந்த ஆரன் பூன், 2018 முதல் யாங்கீஸ் மேலாளர். 2024 உலகத் தொடரின் முதல் ஆட்டம், லாஸ் ஏஞ்சலிஸ், பத்தாவது இன்னிங்ஸ், யாங்கீஸ் 3-2 முன்னிலை. புல்பென்னில் டிம் ஹில் தயாராக இருந்தும், செப்டம்பர் 18-க்குப் பிறகு ஒரு ஆட்டத்திலும் எறியாத நெஸ்டர் கோர்டெஸை பூன் அழைத்தார். கோர்டெஸின் முதல் பந்தில் டாட்ஜர்ஸின் ஒட்டானி அவுட். பெட்ஸை வேண்டுமென்றே முதல் பேஸுக்கு அனுப்பிவிட்டு ஃப்ரெடி ஃப்ரீமனுக்கு எறிந்த முதல் பந்து, உலகத் தொடர் வரலாற்றில் ஆட்டத்தை முடித்துவைத்த முதல் கிராண்ட் ஸ்லாமாக (மூன்று பேஸிலும் ஆள் நிற்க அடிக்கும் ஹோம் ரன்) பார்வையாளர் பகுதியில் போய் விழுந்தது.