அம்மாச்சி உணவகம், யாழ்ப்பாணம்: ஆளுக்கொரு அடுப்பு

திருநெல்வேலி என்றதும் அல்வாவைத் தேடவேண்டாம். இது யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி, பல்கலைக்கழகம் இருக்கிற இடம். அங்கேதான் அம்மாச்சி இருக்கிறது. ஊருக்குப் போகும்போதெல்லாம் ஒருதரமாவது போவேன். இந்தமுறை மூன்று தரம் போனேன், அதனால்தான் எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்கு: தெற்கே விவசாயத் திணைக்களம் 'ஹெல போஜுன்' என்ற பெயரில் நடத்துகிற உள்ளூர்ச் சாப்பாட்டுக் கடைகளின் வடக்குப் பதிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். கிளிநொச்சி, வவுனியாவிலும் உண்டு. முதலாளி, சமையல்காரர், பரிமாறுகிறவர் என்று தனித்தனி ஆட்கள் கிடையாது. வரிசையாகப் பெண்கள், ஆளுக்கொரு அடுப்பு, ஆளுக்கொரு மேசை. ஒருவர் தோசை சுடுவார், பக்கத்தில் ஒருவர் வடை, அதற்கடுத்தவர் புட்டு. யாரிடம் வாங்குகிறீர்களோ அவர் கையில் காசு.

ஒருநாள் நான் போனது பிந்தித்தான். குரக்கன் (கேழ்வரகு) புட்டு முடிந்துவிட்டது. என் பிழை. அங்கே நின்ற அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் நில்லுங்கோ தம்பி, இப்ப கொத்தி அவிச்சுத் தாறன்" என்றார். நின்று பார்த்தேன். வறுத்த குரக்கன் மாவில் கொதிதண்ணீரை ஒரே அடியாக ஊற்றாமல் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்து, அகப்பைக் காம்பால் கிளறி, கட்டி கட்டியாக வந்ததும் ஒரு பால்மாப் பேணியின் (தகர டின்னின்) வாயால் டக் டக் என்று கொத்தினார். எங்கள் வீட்டிலும் அதே பேணிதான், அதே சத்தம்தான். தேங்காய்ப்பூ கலந்து அவித்து எடுத்தபோது புட்டு உதிர் உதிராக, ஈரம் சரியாக இருந்தது. கட்டைச் சம்பலில் உறைப்பு அதிகம், எனக்கு அது பிடிக்கும், பிள்ளைகளோடு போகிறவர்கள் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். உழுந்து வடை நன்று. இலைக்கஞ்சி பரவாயில்லை.

சாப்பாட்டைப் பற்றி இவ்வளவு போதும். நான் சொல்ல வந்தது வேறு.

என் சின்னம்மா கிளிநொச்சிப் பக்கம் இருக்கிறார். போர் முடிந்த 2009 மேயில் சித்தப்பா இல்லாமல் இரண்டு பிள்ளைகளோடு மெனிக் பாம் என்ற இடம்பெயர்ந்தோர் முகாமுக்குப் போனவர், அடுத்த வருடம் வெறும் காணிக்குத் திரும்பி வந்தார். வந்ததும் உதவிகள் வந்தன, இல்லை என்று சொல்லமாட்டேன். ஒருவர் கோழி கொடுத்தார், கீரி பிடித்துப் போனது. இன்னொருவர் தையல் மெஷின் கொடுத்தார். அந்த ஒழுங்கையில் மட்டும் ஏழு வீட்டுக்குத் தையல் மெஷின் கொடுத்தார்கள். ஏழு பேரும் தைத்தால் யார் சட்டை தைக்கக் கொடுப்பது? அது இன்றைக்கும் ஒரு பழைய சேலையால் மூடி மூலையில் நிற்கிறது, மேலே சுவாமிப் படம். அப்புறம் வந்ததுதான் கிழமைக் கடன், வாராவாரம் கட்டுகிற நுண்கடன். கம்பனி பெயர் வேண்டாம். அடையாள அட்டையும் ஐந்து பெண்களின் கையெழுத்தும் போதும் என்றார்கள், காசு உடனே வந்தது. கிழமைக்கு ஒருநாள் மோட்டார் சைக்கிளில் ஒரு பெடியன் வந்து படலையில் நிற்பான், காசு கையில் வரும்வரை போகமாட்டான். ஒரு கடனை அடைக்க இன்னொன்று, அதை அடைக்கத் தோடு. 2018 செப்டம்பரில் இலங்கைக்கு வந்த ஐ.நா. நிபுணர், நுண்கடன்களுக்கு வருட வட்டி 220 சதவீதம் வரை போவதாகச் சொன்னார். அந்த வருட ஜூலையில்தான் அரசாங்கம் 35 சதவீதம் என்று ஒரு எல்லை போட்டது. சின்னம்மாவின் தோடு அதற்கு முன்பே போய்விட்டது.

இதையெல்லாம் பக்கத்திலிருந்து பார்த்தவனுக்கு அம்மாச்சி ஏன் பிடிக்கிறது என்றால், அங்கே பெண்களிடம் பொருளைக் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டு போவதில்லை. நிற்க ஒரு இடம், ஓர் அடுப்பு, தினமும் வந்து போகிற சனம். இவ்வளவுதான். மீதியை அவர்களே பார்த்துக்கொள்கிறார்கள். எல்லாரும் போரில் கணவரை இழந்தவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள், அப்படி இல்லை. ஆனால் வடக்கில் ஒரு பெண் தனியாக வீட்டைக் கொண்டுபோகிறாள் என்றால் பின்னால் பெரும்பாலும் என்ன கதை என்று நமக்குத் தெரியும். 2010-இல் அரசின் பிரதியமைச்சரே சொன்ன கணக்கு, வடக்கு கிழக்கில் 89,000 விதவைகள். அதற்கு முன்னால் இந்தக் கூடத்து அடுப்புகள் எந்த மூலைக்கு என்று கேட்டால், காணாதுதான். இன்னும் பத்து ஊரில் வேண்டும்.

2022-இல் 12.5 கிலோ காஸ் சிலிண்டர் ஒரே இரவில் 2,675 ரூபாயிலிருந்து 4,860 ரூபாய்க்குப் போனது. சின்னச் சமையல் வியாபாரம் செய்கிறவர்களுக்கு அது என்ன அடி என்று யோசித்துப் பாருங்கள். அதற்குப் பிறகு எங்கேயும் விலை பழைய விலை இல்லை. தயவுசெய்து பேரம் பேசாதீர்கள், பத்து ரூபாய்க்காக முகம் சுளிக்காதீர்கள்.

இன்னொன்று, வீடியோ எடுக்கிற தம்பிமாருக்கு. வெளிநாட்டில் இருந்து வந்த ஒருவர், போனை நீட்டிக்கொண்டே, "அன்ரி, உங்கட மனுசன் சண்டையிலயா செத்தவர்?" என்று கேட்டதை என் காதால் கேட்டேன். அந்த அம்மா எண்ணெய்ச் சட்டியில் இருந்து கண்ணை எடுக்கவில்லை. "வடை சூடா இருக்கு, எத்தினை தர?" என்றார். இரண்டாம் தரமும் கேட்டான். அதே பதில். கடைசியில் நாலு வடை வாங்கிக்கொண்டு போனான். காசு கொடுத்து வடை வாங்குகிறீர்கள், அதோடு வேறு கதையும் சேர்த்துக் கேட்காதீர்கள்.

சில்லறை கொண்டு போங்கள். பார்சல் வாங்குவதென்றால் ஒரு பாத்திரமும். நட்சத்திரம் போடச் சொன்னால் ஐந்தும் போடுவேன், எனக்கு நடுநிலை இல்லை என்று யாராவது சொன்னால் சரி, இல்லைதான்.

திரும்புகிற வழியில் சின்னம்மாவுக்குப் பத்து வடை கொண்டுபோனேன். ஒன்றைப் பிய்த்துப் பார்த்துவிட்டு, உழுந்து கொஞ்சம் கூட ஊறிவிட்டது என்றார். என்ன விலை என்று கேட்டார். சொன்னேன். உழுந்து இவ்வளவு, எண்ணெய் இவ்வளவு, காஸ் இவ்வளவு என்று விரலை மடக்கிக் கணக்குப் பார்த்தார். இரண்டாவது வடையை எடுத்துக்கொண்டு, அங்கே இடம் எடுப்பதென்றால் யாரைப் போய்க் கேட்கவேண்டும் என்றார்.