‘தி லாஸ்’ ரகசிய மிக்ஸ் என்று யாராவது விற்க வந்தால் உஷார்

பழைய ராக் சிடி சேகரிக்கிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணம் அனுப்புங்கள். சேகரிப்பாளர் குழுக்களில் ஓர் ஆசாமி ‘தி லாஸ்’ என்ற பிரிட்டிஷ் ராக் இசைக்குழுவின் ஒரே ஆல்பத்தை இரண்டு சிடியாகச் சேர்த்து விற்றுக்கொண்டிருக்கிறார். ஒன்று, "1990 முதல் அச்சு". இன்னொன்று, "குழுவின் பாடகர் லீ மேவர்ஸ் தன் கையாலேயே மிக்ஸ் செய்து ஓகே சொன்ன, கம்பெனி அமுக்கிவைத்த ஒரிஜினல்". இரண்டுக்கும் சேர்த்து என்னிடம் 8,500 ரூபாய் வாங்கினார். வந்த இரண்டுமே அவர் சொன்ன சரக்கு இல்லை.

ஆள் விவரம் தெரிந்தவர்தான், அதுதான் ஆபத்து. இந்த ஆல்பம் உருவான கதையில் முக்கால்வாசியை உண்மையாகவே சொல்கிறார். மீதிக் கால்வாசியில்தான் காசு பார்க்கிறார்.

உண்மைக் கதை இது. லிவர்பூலில் 1983-இல் மைக் பேட்ஜர் தொடங்கிய குழு. அடுத்த வருடம் சேர்ந்த மேவர்ஸ் போகப்போக அதைத் தன் குழுவாகவே ஆக்கிக்கொண்டார், பேட்ஜர் விலகிவிட்டார். 1987-இல் கோ! டிஸ்க்ஸ் நிறுவனத்தோடு ஒப்பந்தம். ‘தேர் ஷி கோஸ்’ 1988-இல் முதலில் வந்தபோது பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. 1990-இல் மறுபடி வெளியிட்டபோது பிரிட்டிஷ் பட்டியலில் 13-ஆம் இடம் வரை போனது. அவர்கள் பெயரைச் சொன்னால் இன்றும் எல்லோருக்கும் ஞாபகம் வருவது அந்த ஒரு பாட்டுதான்.

ஆல்பம் மட்டும் முடிந்தபாடில்லை. ஜான் போர்ட்டர், ஜான் லெக்கி, மைக் ஹெட்ஜஸ் என்று தயாரிப்பாளர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். ஒவ்வொரு முறையும் பதிவு செய்வார்கள், மேவர்ஸ் கேட்பார், இது இல்லை என்பார். பதிவான ஒலிகளைக் கலக்கும் ஒரு மிக்ஸிங் டெஸ்க்கில் அறுபதுகளின் அசல் தூசி இல்லை என்று சொல்லி வேண்டாம் என்றாராம். நடந்ததோ இல்லையோ, ரசிகர்கள் மத்தியில் சலிக்காமல் ஓடும் கதை. நம்ம ஆசாமி விளம்பரத்தில் ஒரு படி மேலே போய், அவர் விற்கும் சிடி "அந்தத் தூசி படிந்த டெஸ்க்கிலேயே மிக்ஸ் செய்தது" என்று எழுதியிருக்கிறார்! சிரித்துவிட்டுப் போயிருக்கலாம், ஆனால் ரசிகனுக்கு அந்த வரி போதும்.

கடைசியில் 1989 டிசம்பரில் ஸ்டீவ் லிலிவைட்டைக் கொண்டுவந்தார்கள். லண்டன் ஈடன் ஸ்டுடியோ. லிலிவைட், யூ2 குழுவுக்கு ஆல்பம் தயாரித்த பெரிய கை. அங்கேயும் அதே கதைதான். குழு பாதியில் வெளியேறிவிட்டது. ஏகப்பட்ட பணம் போட்டிருந்த நிறுவனம் இனி காத்திருப்பதில்லை என்று முடிவெடுத்தது. கையில் இருந்த பதிவுகளை வைத்தே லிலிவைட் ஆல்பத்தை முடித்துக் கொடுத்தார். 1990 அக்டோபரில் வெளியானது: 12 பாட்டு, சுமார் 35 நிமிடம், ஆல்பம் பட்டியலில் 30-ஆம் இடம். அதிலும் ‘தேர் ஷி கோஸ்’ மட்டும் பாப் ஆண்ட்ரூஸ் ஏற்கெனவே பதிவு செய்திருந்தது. லிலிவைட் அதை மறுபடி மிக்ஸ் செய்து சேர்த்தார். ஆல்பம் வந்த கையோடு பேட்டிகளில் அதைத் திட்டித் தீர்த்தவர் மேவர்ஸேதான். பேஸ் வாசித்த ஜான் பவர் 1991-இல் விலகி காஸ்ட் என்ற குழுவைத் தொடங்கினார். இரண்டாவது ஆல்பம் வரவே இல்லை.

அதாவது, மேவர்ஸ் ஓகே சொன்ன வடிவம் என்று ஒன்று வெளிவந்ததே இல்லை. அப்படி ஒன்று விற்பனைக்கு இருக்கிறது என்கிறவர் புளுகுகிறார்.

இனி சிடிக்கு வருவோம். "முதல் அச்சு" என்று வந்தது போலி இல்லை, நிறுவனம் அச்சிட்ட சிடிதான். ஆனால் பளபளக்கும் பக்கத்தை விளக்கு வெளிச்சத்தில் சாய்த்து, நடு ஓட்டையைச் சுற்றியுள்ள வளையத்தைப் பாருங்கள். பொடி எழுத்தில் ‘ஐஎஃப்பிஐ’ என்றும் பக்கத்தில் ஒரு குறியீடும் பொறித்திருந்தது. எந்தத் தொழிற்சாலையில் அடித்தது என்று காட்டும் இந்தக் குறியீடு 1994 வாக்கில்தான் புழக்கத்துக்கு வந்தது. 1990-இல் அடித்த சிடியில் அது எப்படி இருக்கும்? பின்னாளில் வந்த மறு அச்சு, பழைய கடைகளில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சரக்கு.

"ரகசிய மிக்ஸ்" இன்னும் மோசம். அடிப்பக்கம் வெள்ளியாக இல்லாமல் பச்சை கலந்த நீலம். வீட்டுக் கம்ப்யூட்டரில் எரித்த சிடி-ஆர். லேபிளை விரலால் தேய்த்தால் இங்க் ஒட்டுகிறது. நண்பர் ஒருவரிடம் 2008-இல் வந்த இரட்டை சிடி டீலக்ஸ் பதிப்பு இருக்கிறது. அதன் இரண்டாவது சிடியில் மைக் ஹெட்ஜஸ் தயாரித்து, வெளிவராமல் கிடந்த பதிவு இருக்கும். இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டுக் கேட்டோம். பாட்டு வரிசை, நீளம் எல்லாம் அச்சு அசல் அதேதான். மேவர்ஸ் வேண்டாம் என்று ஒதுக்கிய பதிவையே மேவர்ஸ் மிக்ஸ் என்று தலையில் கட்டியிருக்கிறார்.

கேட்டதற்கு வந்த பதில்: "ப்ரோ, கலெக்டர் காப்பின்னா சிடி-ஆர்லதான் வரும். கவரைப் பிரிச்சிட்டீங்க, இனி ரிட்டர்ன் கிடையாது." வளையத்தைப் படமெடுத்து அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, அதோடு என்னை பிளாக் செய்துவிட்டார். குழு அட்மினிடம் சொன்னால், தனிப்பட்ட வியாபாரத்துக்கு நாங்கள் பொறுப்பில்லை என்கிறார். அது சரி, விளம்பரத்தை மட்டுமாவது தூக்கலாமே!

1930 எண்ணில் சைபர் கிரைம் புகார் பதிவு செய்திருக்கிறேன். உங்களிடமும் இதே ஜோடியை விற்றிருந்தால், பணம் போன ரசீதையும் உரையாடலையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு நீங்களும் புகார் கொடுங்கள். இனி வாங்கப்போகிறவர்கள் வளையப் பகுதியின் படத்தைக் கேளுங்கள். தர மறுத்தால் விட்டுவிடுங்கள். அந்தக் கைவிடப்பட்ட பதிவுகளைத்தான் கேட்க வேண்டுமென்றால் 2008 டீலக்ஸும், 2010-இல் வந்த ‘காலின் ஆல்’ நாலு சிடி பெட்டியும் முறையாக வெளிவந்தவை.

நேற்றுப் பார்த்தேன், அதே விளம்பரம் வேறொரு குழுவில், விலை மட்டும் ஆயிரம் ரூபாய் ஏறியிருக்கிறது. ஸ்கிரீன்ஷாட் தேவைப்படுகிறவர்கள் தனிச்செய்தியில் கேளுங்கள், அனுப்புகிறேன்.